பழைய அலுமினிய ட்ரெய்லர் வாங்கி வச்சா லாபமா? ‘ஒரிஜினல்’ என்ற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



போன மாசம் டல்லாஸ் பக்கத்துல இருந்து நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். “அண்ணா, எனக்குத் தெரிஞ்ச ஒரு அமெரிக்கப் பாட்டி, அவங்க வீட்டுக்காரர் 1966-ல வாங்கின 22 அடி ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரை விக்கறாங்க. முப்பது வருஷமா ஷெட்டுல நிக்குது. உள்ளே எதையும் மாத்தலை, எல்லாமே ஒரிஜினல். 18,000 டாலர் சொல்றாங்க. வீடு வாங்க டவுன் பேமென்ட்டுக்குச் சேர்த்து வச்ச பணம் கையில இருக்கு. வாங்கி, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, உள்ளே கப்போர்டுக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடிச்சு, ரெண்டு வருஷத்துல 40,000-க்கு வித்துடலாம்னு பார்க்கறேன். சரியா வருமா?”

ஒரு வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா அவர் போட்ட பிளான்லயே ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அது புரியணும்னா இந்த வண்டிங்க என்ன, ‘ஒரிஜினல்’னா என்னன்னு கொஞ்சம் நிதானமா பார்க்கணும். அதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒண்ணு. நம்ம ஊர்ல கேரவன்னு சொன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ போய் உட்கார்ற வண்டிதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. இதுக்கு எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, சிங்க், பாத்ரூம் எல்லாம் இருக்கும். அமெரிக்காவுல குடும்பத்தோட ஊர் சுத்தறதுக்காக வாங்குவாங்க.

விமானம் செஞ்ச கைகள் செஞ்ச வண்டி

1934-ல ஹாலி போலஸ்னு ஒரு கிளைடர் நிபுணர், ரோடு சீஃப்னு ஒரு அலுமினிய ட்ரெய்லர் கொண்டு வந்தார். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்தோட கட்டுமான வேலையை மேற்பார்வை பார்த்தவர் இவர். இந்த டிசைனை அடிப்படையா வச்சுத்தான் 1936-ல வாலி பயாம் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ கொண்டு வந்தார். அன்னைக்கு விலை 1,200 டாலர். அப்போ அது பெரிய பணம். அப்புறம் உலகப் போர் வந்துச்சு, அலுமினியம் எல்லாம் விமானத்துக்குப் போயிடுச்சு, ட்ரெய்லர் வேலை நின்னு போச்சு. போர் முடிஞ்சதும் நிலைமை தலைகீழ். அலுமினியத் தகடு இருக்கு, ரிவெட் அடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, விமான ஆர்டர்தான் இல்லை. ஓக்லஹோமாவுல ஜே. பால் கெட்டி நடத்தின ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனி அப்படியே ட்ரெய்லருக்கு மாறிடுச்சு. ஏர்ஸ்ட்ரீம் மறுபடி தொடங்கி, 1952-ல ஒஹையோ மாநிலம் ஜாக்சன் சென்டர்ல ஃபேக்டரி போட்டாங்க. சில்வர் ஸ்ட்ரீக், ஸ்ட்ரீம்லைன், ஏவியான், போல்ஸ் ஏரோன்னு இன்னும் பல பேர் இதே மாதிரி வண்டி செஞ்சாங்க.

அதுல ஏர்ஸ்ட்ரீம் பேர்தான் நிலைச்சுது. 1959-ல 41 ட்ரெய்லர்களோட கேப் டவுன்ல இருந்து கெய்ரோ வரைக்கும் பயாம் ஒரு கூட்டத்தையே கூட்டிட்டுப் போனார். 1969-ல நிலாவுல இருந்து திரும்பின அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வச்சது, மாத்தி அமைச்ச ஒரு ஏர்ஸ்ட்ரீம்லதான். நியூயார்க்ல இருக்கற நவீன கலை அருங்காட்சியகத்தோட சேகரிப்புல 1963-ம் வருஷத்து 16 அடி ‘பாம்பி’ ஒண்ணு இருக்கு. இப்படி ஒரு கதை இருக்கறதாலதான் அதே காலத்து, அதே தரத்து ஸ்ட்ரீம்லைனைவிட ஏர்ஸ்ட்ரீமுக்கு ஜனங்க கூடுதல் விலை கொடுக்கறாங்க. அந்தக் கூடுதல் விலை தகடுக்கு இல்லை, பேருக்குங்கறதை மனசுல வச்சுக்கோங்க.

இன்னொரு விசித்திரம். வீடு, மனை மாதிரி இங்கே பெருசா இருந்தா விலை ஜாஸ்தின்னு நினைச்சுடாதீங்க. 30 அடி வண்டியைவிட 16, 17 அடி பாம்பி, கேரவெல்லுக்குத்தான் கிராக்கி. சாதாரணக் கார்ல இழுக்கலாம், வீட்டு ஓரத்துல நிறுத்தலாம். பெரிய வண்டிக்கு இழுக்கறதுக்கே தனியா ஒரு டிரக் வேணும்.

ஒரே வண்டிக்கு ரெண்டு சந்தை

இதுதான் முக்கியமான இடம். பழைய அலுமினிய ட்ரெய்லர் வாங்க வர்றவங்க ரெண்டு வகை.

முதல் வகைக்கு வெளிக்கூடு மட்டும் போதும். உள்ளே இருக்கறதை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ஃபுட் டிரக், காபிக்கடை, வாடகை ரூம்னு மாத்திடுவாங்க. இவங்களுக்கு 1966 கப்போர்டு வெறும் குப்பை. வண்டியோட அடிமட்ட விலையை நிர்ணயிக்கிறது இவங்கதான். இவங்க இருக்கறவரைக்கும் ஓரளவு நல்ல கூடுக்கு ஒரு விலை கிடைச்சுடும்.

ரெண்டாவது வகை, சேகரிக்கறவங்க. இவங்க தேடறது ‘சர்வைவர்’. ஃபேக்டரியில இருந்து எப்படி வந்துச்சோ, கிட்டத்தட்ட அப்படியே தப்பிப் பிழைச்ச வண்டி. அதே அடுப்பு, அதே கதவுப்பூட்டு, உள் சுவர்ல புள்ளிப் புள்ளியா தூவின அதே பெயின்ட், அதே டெயில் லைட் கண்ணாடி. ஒரிஜினல் பில், ஓனர் மேனுவல், வெளியில ஒட்டியிருக்கற ஏர்ஸ்ட்ரீம் கிளப்போட சிவப்பு நம்பர், இதெல்லாம் இருந்தா இன்னும் விசேஷம். விலையோட உச்சி இவங்க கையில. ஆனா இவங்க எண்ணிக்கை கம்மி. பங்குச் சந்தை மாதிரி பட்டனை அமுக்கினா வித்துடாது. சரியான ஆள் வர்றதுக்கு மாசக்கணக்குல காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதல் வகை ஆளுங்க ஒவ்வொரு வண்டியா உள்ளே பிடுங்கப் பிடுங்க, பிடுங்காத வண்டி குறைஞ்சுட்டே வருது. ஒரிஜினலுக்கு மதிப்பு இதனாலதான். புதுசா கப்போர்டு செஞ்சுக்கலாம், அச்சு அசல் அதே மாதிரிகூட செஞ்சுக்கலாம். ஆனா அது ‘ரெஸ்டோர் பண்ணது’. ஒரு தடவை போன ஒரிஜினல் திரும்ப வராது.

இப்போ நம்ம டல்லாஸ் தம்பியோட பிளானைப் பாருங்க. ரெண்டாவது சந்தையில விலை கொடுத்து வாங்கி, வெள்ளை பெயின்ட் அடிச்சு, முதல் சந்தையில கொண்டு போய் விக்கப் பார்க்கறார். எந்த ஒரு விஷயத்துக்காகக் கூடுதலா கொடுக்கறாரோ, அதையே தன் கைக்காசு போட்டு அழிக்கப் போறார்.

பாலிஷ் மேட்டர்

எல்லாருக்கும் இந்த ஆசை வருது. ‘மங்கிப் போச்சே, பளபளன்னு ஆக்கினா விலை ஏறுமே’ன்னு. கொஞ்சம் பொறுங்க.

ஏர்ஸ்ட்ரீம் மாதிரி வண்டிகள்ல போட்டது ஆல்க்ளாட்னு ஒரு விமானத் தகடு. நடுவுல பலமான கலப்பு உலோகம், ரெண்டு பக்கமும் சுத்தமான அலுமினியம் ஒரு மெல்லிசு படலமா இருக்கும். துரு மாதிரி அரிப்பைத் தடுக்கறது அந்தப் படலம்தான். மொத்தத் தகடே ஒரு மில்லிமீட்டர் கனம் வராது; அதுல ஒரு பக்கத்துப் படலம் நூத்துல அஞ்சு பங்கு. ஒவ்வொரு தடவை மெஷின் வச்சுத் தேய்க்கும்போதும் அதுலதான் கை வைக்கறீங்க. கவனமா ஒரு தடவை செஞ்சா ஒண்ணும் ஆகிடாது. வருஷா வருஷம் முரட்டு காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்ச வண்டின்னா யோசிக்கணும். அதோட, ஃபேக்டரியில இருந்து வந்தப்போ இந்த வண்டிகள் முகம் பார்க்கற கண்ணாடி மாதிரி இருந்ததும் இல்லை. மில்லுல இருந்து வந்த தகடுக்கு இருக்கற பளபளப்புதான் இருந்துச்சு. இன்னைக்கு நீங்க போட்டோவுல பார்க்கற கண்ணாடி ஜொலிப்பு பிற்பாடு வந்த ஃபேஷன்.

ஏவியான் கதை இன்னும் வேற. அது அனடைஸ் பண்ண அலுமினியம். சாம்பல் கலந்த மேட் நிறம்தான் அதுக்கு ஒரிஜினல். அது அழுக்கு இல்லை. அது தெரியாம பாலிஷ் போடறேன்னு உட்கார்ந்தா, அந்தப் பாதுகாப்புப் படலத்தையே உரிக்க வேண்டியிருக்கும்.

பாட்டி சொல்றதை நம்பலாம், தரையை நம்பாதீங்க

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது மேலே தகடைப் பார்த்து மயங்காதீங்க. பிரச்சினை கீழே இருக்கும். இரும்பு சேஸிஸுக்கும் அலுமினியக் கூடுக்கும் நடுவுல சாண்ட்விச் மாதிரி பிளைவுட் தரை மாட்டியிருக்கும். ஜன்னல், கூரை வென்ட், தகடு சேர்ற இடம், இப்படி எங்கே ஒழுகினாலும் தண்ணி கடைசியில சேர்றது அந்த பிளைவுட் ஓரத்துலதான். முக்கியமா பின்பக்கம், கதவுக்கிட்ட. ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போய் ஓரங்கள்ல குத்திப் பாருங்க. பிஸ்கட் மாதிரி உள்ளே இறங்கினா தரை போச்சு. பின்னாடி பம்பர் மேல ஏறி மெதுவா குதிச்சுப் பாருங்க. பம்பர் தனியா, மேல்கூடு தனியா அசைஞ்சா பின்பக்க இணைப்பு விட்டுப் போச்சுன்னு அர்த்தம். தரை முழுசையும் மாத்தணும்னா கூட்டையே சேஸிஸ்ல இருந்து தூக்கற அளவுக்கு வேலை போகும். அதுக்கு ஆகற செலவுல ‘சல்லிசா வாங்கினேன்’ங்கற சந்தோஷம் காணாமப் போயிடும்.

ரிவெட்டைப் பாருங்க. ஒரிஜினல் ரிவெட் அடிக்க ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் வெளியில இருந்து கன்னால அடிக்க, இன்னொருத்தர் உள்ளே இருந்து இரும்புக்கட்டையை முட்டுக் கொடுக்கணும். அதுக்கு உள் சுவரைக் கழட்டியாகணும். அதனால பின்னாடி ரிப்பேர் பண்றவங்க பல பேர் நடுவுல ஓட்டை இருக்கற பாப் ரிவெட் போட்டுடுவாங்க. ஒரு பக்கம் மட்டும் ரிவெட் தலை வேற மாதிரி இருந்தா, எப்போவோ அடிபட்டு தகடு மாத்தியிருக்காங்க. கேளுங்க. தையல் ஓரத்துல சிலிகான் பூசியிருந்தாலும் உஷார். ஒழுகினதை மறைக்கப் பூசினதா இருக்கலாம், அது மேல வேற எந்த சீலன்ட்டும் சரியா ஒட்டாது.

ஜன்னல் கண்ணாடியைத் தனியா சொல்றேன், ஏன்னா நம்ம தம்பி பார்த்த வருஷத்துக்கு இது பொருந்தும். 1966 முதல் 1968 வரைக்கும் வந்த ஏர்ஸ்ட்ரீம்கள்ல கார்னிங் கம்பெனியோட வளைஞ்ச மெல்லிசு கண்ணாடி போட்டிருப்பாங்க. உடைஞ்சா கடையில போய் வாங்க முடியாது. எத்தனை ஜன்னல் உடையாம இருக்குன்னு எண்ணுங்க.

உள்ளே எலி மூத்திர வாடை அடிச்சா சுவருக்குள்ள இருக்கற பஞ்சு இன்சுலேஷன் முழுக்க நாறிப்போயிருக்கலாம். தரையில பழைய 9 இன்ச் டைல் இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டெஸ்ட் பண்ணாம அதைச் சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க.

சரி, எதையுமே மாத்தக் கூடாதான்னு கேட்பீங்க. அப்படி இல்லை. டயர், பேரிங், பிரேக், கேஸ் குழாய், வயரிங், இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டது, மாத்தியே ஆகணும். அந்தக் காலத்து ஏர்ஸ்ட்ரீம்ல ஆக்சிலுக்குள்ள ரப்பர் கம்பிதான் ஸ்பிரிங் வேலை செய்யுது. ஐம்பது வருஷத்துல அது கல்லு மாதிரி இறுகிடும். மாத்தினா எந்த சேகரிப்பாளரும் விலையைக் குறைக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியற அடுப்பு, கப்போர்டு, பூட்டு, விளக்கு, இதுங்களை மாத்தறதுதான் விலையைக் குறைக்கும். ஏதாவது பாகத்தைக் கழட்டினாலும் தூக்கிப் போடாம பெட்டியில போட்டு வைங்க.

இப்போ கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, வண்டி நல்லா இருக்குன்னே வச்சுக்குவோம். 18,000-க்கு வாங்கறீங்க. 8 வருஷம் கழிச்சு 36,000-க்கு விக்கறீங்க. டபுள்! 72 ரூல் ஞாபகம் இருக்கா? 72-ஐ 8-ஆல வகுத்தா 9. வருஷத்துக்கு 9 சதவீதம். பார்ட்டியில சொல்லிக்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனா அந்த 8 வருஷம் வண்டி எங்கே நின்னுச்சு? ஒரிஜினல் வண்டியை வெயில்லயும் மழையிலயும் போட முடியாது. கூரை போட்ட ஸ்டோரேஜுக்கு மாசம் 125 டாலர்னு வைங்க. 8 வருஷத்துக்கு 12,000. இன்ஷூரன்ஸ் வருஷம் 350 வீதம் 2,800. ஆக்சில், டயர், ஒழுகல் வேலைக்கு 4,000. மொத்தம் 18,800. வாங்கின விலையையும் சேர்த்தா கையை விட்டுப் போனது 36,800. வித்தது 36,000. டபுள் ஆன முதலீட்டுல 800 டாலர் நஷ்டம்! இதே 18,000-த்தை வருஷம் 5 சதவீதம் கொடுக்கற ஏதாவது ஒண்ணுல சும்மா போட்டு வச்சிருந்தா சுமார் 26,600 ஆகியிருக்கும்.

இதே வண்டி, இதே விலை, ஆனா உங்க வீட்டுப் பின்னாடியே ஏற்கனவே ஒரு ஷெட் இருக்குன்னு வைங்க. அந்த 12,000 மிச்சம். 11,200 டாலர் லாபம். அதாவது ஏர்ஸ்ட்ரீமா ஸ்பார்ட்டனாங்கறதைவிட, அதுக்கு மேல யாரோட கூரை இருக்குங்கறதுதான் கணக்கையே புரட்டிப் போடுது. சொந்த வீடு இருந்தாலும் எச்.ஓ.ஏ. ரூல்ஸைப் படிச்சுப் பாருங்க. வாசல்ல ட்ரெய்லர் நிறுத்தக் கூடாதுன்னு நிறைய இடத்துல இருக்கு.

இன்ஷூரன்ஸ்லயும் ஒரு விஷயம். சாதாரண பாலிசி எடுத்தா தேய்மானம் போக உள்ள மதிப்புதான் கொடுப்பாங்க. 60 வருஷ வண்டிக்குத் தேய்மானம் போக என்ன மிஞ்சும்? முன்கூட்டியே ஒரு தொகையைப் பேசி எழுதற ‘அக்ரீட் வேல்யூ’ பாலிசி கேளுங்க.

வரி இன்னும் கசப்பு. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கற பொருளை வித்து லாபம் வந்தா ஐ.ஆர்.எஸ்.-க்கு வரி கட்டணும். நஷ்டம் வந்தா கழிக்க முடியாது. நீங்க கட்டின ஸ்டோரேஜ் வாடகையையும் இன்ஷூரன்ஸையும் சாதாரணமா வாங்கின விலையோட சேர்த்துக் காட்டவும் முடியாது. அந்த 4,000-த்துல எது இம்ப்ரூவ்மென்ட், எது வெறும் ரிப்பேர்னு உங்க சி.பி.ஏ. கிட்ட கேட்கணும். முழுசா சேர்த்துக்கிட்டாலும் பேப்பர்ல 14,000 டாலர் லாபம். கையில 800 நஷ்டம், பேப்பர்ல 14,000 லாபம், அதுக்கு வரி. அதனால ஆக்சில் பில்லுல இருந்து எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

இன்னொரு சின்ன எச்சரிக்கை: டைட்டில். ஷெட்டுல நின்ன வண்டிக்குப் பல சமயம் பேப்பர் தொலைஞ்சிருக்கும். வண்டியில பொறிச்ச சீரியல் நம்பரும் டைட்டில்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பார்க்காம அட்வான்ஸ்கூட கொடுக்காதீங்க. பல மாநிலங்கள்ல ‘பாண்டட் டைட்டில்’ எடுக்க வழி இருக்கு, ஆனா அது உங்க அலைச்சல், உங்க செலவு.

தம்பிக்கு நான் எழுதின பதில்

அவர் இருக்கறது அபார்ட்மென்ட்ல. ஷெட் கிடையாது. அதனால முதல் மாசத்துல இருந்தே ஸ்டோரேஜ் வாடகை ஓடும். அந்த வாடகை இல்லாம பண்ணணும்னா சொந்தமா ஒரு வீடு வேணும். அந்த வீட்டுக்கான பணத்தைத்தான் இவர் ட்ரெய்லர்ல போடப் பார்க்கறார்! இதைத்தான் முதல் வரியில எழுதினேன். ரெண்டாவது, வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி, வெள்ளை பெயின்ட் டப்பாவை மட்டும் திறக்காதீங்கன்னு சொன்னேன். மூணாவது, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவரோட ஒரு தடவை போய்ப் பாருங்கன்னேன். ஆசை இருக்கறது தப்பில்லை. குழந்தைங்களோட அதுல நாலு ஊர் போறதுக்காக வாங்கினா அது சந்தோஷத்துக்கான செலவு; டூர் செலவுன்னு எழுதிட்டுப் போயிடலாம். முதலீடுன்னு எழுதினாத்தான் இவ்வளவு கேள்வி.

போன ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு போன் பண்ணார். ஜன்னல் எல்லாம் முழுசா இருக்காம். டிராயர்ல 1966 பில்லும் மேனுவலும் இருந்துச்சாம். பின்பக்கத் தரையில ஒரு மூலையில மட்டும் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கிடுச்சு. காட்டினதும் பாட்டி தானாவே 15,000-க்கு இறங்கியிருக்காங்க. இவர் உண்மையைச் சொல்லிட்டார்: “இப்போ என்கிட்ட இதை நிறுத்த இடம் இல்லைம்மா, வீடு வாங்கினதும் முதல்ல உங்களைத்தான் கேட்பேன்.”

பாட்டி சிரிச்சுட்டு, “முப்பது வருஷமா இங்கேதான் நிக்குது, அது எங்கேயும் போகாது”ன்னாங்களாம்.